உள்நாட்டவர் கட்டணம்

மூன்று நாள் லீவு.
மீதி இரவை ஜெயரூபியிடம் ஒப்படைத்து
கையொப்பம் இட்ட பேனாவை மூடாமல் வந்தது
ஹட்டன் தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.
திரும்பவில்லை.

பழைய அல்ட்டோ. இன்னும் பதினொரு தவணை பாக்கி.
குளிர்விக்கும் பொத்தான் உண்டு,
சூடாக்கும் பொத்தான் இல்லை.
இந்தத் தீவுக்கு அது தேவைப்படாதென்று
எங்கோ ஒரு சமவெளியில் உட்கார்ந்து
யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.
கண்ணாடியில் என் மூச்சே படிய
உள்ளங்கையால் துடைத்துத் துடைத்து
ஒரு தட்டளவு பாதை வைத்துக்கொண்டேன்.

தலவாக்கலையில் பெற்றோல்.
கம்பளித் தொப்பிப் பையன்
பின் ஆசனத்தை எட்டிப் பார்த்தான்.
“தனியாவா டீச்சர்?”
டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.
தனியாகத்தான் என்று மட்டும் சொன்னேன்.

நானுஓயா வளைவுகளில்
எனக்கு முன்னால் ஒரு கோவா லொறி
திருப்பத்துக்கு ஓர் இலையாய்
உதிர்த்துக்கொண்டு போனது.
பின்னால் வருபவளுக்கு
வழி சொல்கிறது என்று நினைக்கலாம்தான்.
டயரில் வழுக்கியது.

நுவரெலியா விடியவில்லை.
உருளைக்கிழங்குப் பாத்திகள் மேல்
யாரோ உப்புத் தூவியிருந்தார்கள்.
நிறுத்தி, இறங்கி, தொட்டுப் பார்த்தேன்:
விரல்நுனியில் சுட்டது.
பாத்தி நடுவே வெறுங்காலோடு ஒருவன்
குழாய்த் தண்ணீரால் இலையிலையாய்
பனியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
மணி என்ன என்று கேட்டான்.
சொன்னேன்.
கிழக்கைப் பார்த்தான்.
இன்னும் வேகமாக அடித்தான்.

பட்டிப்பொலக் கடவை மூடிக் கிடந்தது.
வராத ரயிலுக்காக
நானும் ஒரு நாயும் ஒரு பால் பவுசரும்
எட்டு நிமிடம் நின்றோம்.

மலைவெளி வாசலில் இரண்டு பலகை.
ஒன்றில் ‘உள்நாட்டவர்.’
மற்றதில் ஒரு ‘ட்’டைத் தொலைத்துவிட்டு
‘வெளிநாடவர்.’
பச்சைப் பேனா இருந்தால் திருத்தியிருப்பேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்:
“லங்காவேத?”

என் அப்பா
நாற்பத்தொரு வயதுவரை
இதே கேள்விக்குப் படிவங்களில்
பதில் எழுதிக்கொண்டிருந்தார்.
மூன்று பிரதி. கறுப்பு மை. இடது பெருவிரல்.

அடையாள அட்டையை
விறைத்த விரலால் உள்ளே தள்ளினேன்.
அவர் அதைப் பார்க்கவேயில்லை.
கொட்டாவி விட்டபடி
டிக்கட்டைக் கிழித்து நீட்டினார்.
அந்தக் கொட்டாவிக்கு
நன்றி என்றேன், இரண்டு மொழியிலும்.

அடுத்த மேசைக் காவலர் பையைப் பிரித்தார்.
பாண், சம்பல், வாழைப்பழம். சரி.
பொலித்தீன் கூடாது.
தண்ணீர்ப் போத்தலின் லேபலை
நகத்தால் சுரண்டி உரித்து வாளியில் போட்டார்.
பெயரில்லாத தண்ணீரோடு
உள்ளே நடந்தேன்.

புல்வெளியில் ஒரு மரை.
முதுகு மயிரெல்லாம் வெள்ளை.
அது உடம்பை ஒருமுறை சிலிர்த்தது;
மாரிகாலம் உதிர்ந்து விழுந்தது.
என்னைப் பார்த்தபடியே மென்றது.
முப்பது படுக்கை வார்டில்
யாரும் என்னை அவ்வளவு நேரம்
ஒன்றும் கேட்காமல் பார்த்ததில்லை.

உலக முடிவு என்ற இடத்தில்
உலகமே இல்லை. வெறும் வெள்ளை.
விலைகூடிய டிக்கட் வாங்கியவர்கள்
கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
பாறையில் உட்கார்ந்து பாணைப் பிய்த்தேன்.
இரண்டாவது துண்டில்
முகிலில் ஓர் ஓட்டை விழுந்தது.
வெகு கீழே, தீப்பெட்டி அடுக்கினாற்போல்
ஒரு லயம், ஒற்றைப் புகை.
யாரோ தேயிலை கொதிக்க வைக்கிறார்கள்
என்று நினைத்து முடிப்பதற்குள்
மூடிக்கொண்டது.
வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.
நான் சொல்லவுமில்லை.

ஒஹிய இறக்கத்தில் காது அடைத்தது.
எச்சில் விழுங்கினேன்.
முதலில் எஞ்சின் சத்தம் திரும்பியது,
அப்புறம் எங்கோ ஒரு நீர்வீழ்ச்சி.
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.
ஹப்புத்தளைக்குப் போகும் பலகை வந்தது.
மெதுவாக்கி, வாசித்தேன்.
எழுத்துப் பிழை இல்லை.